பத்தாம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புதுவருடத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எப்படிக் கைக்கு வரும் என்று சபைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த வசனம் வந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் எரேமியா 29:11 வந்தவருக்கு முகம் தனியாக மலரும். கர்த்தர் தம் ஜனத்தின்பேரில் நினைத்திருப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். எதிர்பார்த்திருக்கும் முடிவு. கல்யாணப் பத்திரிகை, காலண்டர், ஆட்டோவின் பின்கண்ணாடி, ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாடு என்று இந்த வசனம் ஒட்டாத இடமில்லை. ஒட்டட்டும், அதில் குற்றமில்லை. நெருடுவது வேறு. அதற்கு ஒரு வரி முன்னால் இருக்கும் பத்தாம் வசனத்தை எந்த அச்சகத்திலும் யாரும் அட்டையாக அடித்ததாகத் தெரியவில்லை. பாபிலோனுக்கு எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்பது அந்தப் பத்தாம் வசனத்தின் சாரம்.

பதினொன்று பத்தின் தொடர்ச்சி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய், எழுபது வருடம் என்று கேட்டு நெஞ்சு உடைந்து உட்கார்ந்திருப்பவர்களிடம்தான், 'உங்கள்பேரில் நான் நினைத்திருப்பது எனக்குத் தெரியும்' என்று சொல்லப்படுகிறது. முன்வரியை வெட்டிவிட்டுப் பின்வரியை மட்டும் கையில் கொடுத்தால், வாங்கியவர் அதை வரும் பன்னிரண்டு மாதத்துக்கான உத்தரவாதச் சீட்டாகத்தான் படிப்பார். அடுத்த டிசம்பரில் குழந்தை இல்லை, வேலை இல்லை, கணவரின் குடி நிற்கவில்லை என்றால் அவருக்கு மிஞ்சுவது இரண்டே முடிவுகள். வசனம் பொய், அல்லது என் விசுவாசம் போதாது. பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். போதகர் பொறுமையாய் இருங்கள் என்கிறார். எப்படிப் பொறுமையாய் இருப்பது, நாளைக் காலை எழுந்து என்ன செய்வது என்பதை அநேகமாக யாரும் சொல்லித் தருவதில்லை. எரேமியாவின் புத்தகம் சொல்லித் தருகிறது. 28, 29, 32 ஆகிய மூன்று அதிகாரங்களைச் சேர்த்து வாசித்தால் போதும்.

இரண்டு வருடம் சொன்னவர்

கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளம் ராஜா எகொனியாவையும் (யோயாக்கீன் என்றும் பெயர்) அவனோடு பிரபுக்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். ஊரும் ஆலயமும் அப்போது நின்றுகொண்டுதான் இருந்தன. அவை இடிந்தது அதற்குச் சுமார் பத்து வருடம் கழித்து. ஆக, இந்த இடைக்காலத்தில் எல்லாருடைய வாயிலும் ஒரே கேள்வி: போனவர்கள் எப்போது திரும்புவார்கள்?

அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பும் பதில் சொன்னார். இரண்டு வருடம். அதற்குள் ஆலயப் பாத்திரங்களும் ராஜாவும் சிறைப்பட்ட எல்லாரும் திரும்பி வருவார்கள். அனனியாவை எடுத்த எடுப்பிலேயே மோசக்காரர் என்று படம் வரைந்துவிடுகிறோம். அது வாசிப்பைக் கெடுக்கும். அவர் பேசியது கர்த்தரின் நாமத்தில். சொன்னது ஜனங்கள் ஜெபித்துக்கொண்டிருந்த காரியம். நூறு வருடத்துக்குச் சற்று முன்னால் அசீரியப் படை முற்றுகையிட்டபோது கர்த்தர் எருசலேமைக் காப்பாற்றிய நினைவும் அவருக்குத் துணையாக இருந்தது. விசுவாசம் நிறைந்த வார்த்தையாகவே அது கேட்டிருக்கும். எருசலேமிலிருந்த தீர்க்கதரிசி எரேமியாவே முதலில் 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்றுதான் பதில் சொல்கிறார். கூடவே ஒரு அளவுகோலையும் வைக்கிறார்: சமாதானம் வரும் என்று சொல்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதுதான் அவன் கர்த்தர் அனுப்பினவன் என்று தெரியும்.

பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தை அனனியா பிடுங்கி முறித்துப்போட்டார். ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எரேமியா என்ன செய்தார்? ஒரு மறுமொழியும் சொல்லாமல் தன் வழியே போனார். இந்த ஒரு வாக்கியத்தைப் பிரசங்கங்களில் கேட்பது அபூர்வம். கையில் வார்த்தை இல்லாதபோது அவர் வார்த்தையை உண்டாக்கவில்லை. கர்த்தருடைய பதில் பின்னால் வந்தது, அதற்குப் பிறகுதான் இரும்பு நுகத்தைப் பற்றிப் பேசினார். இன்னொரு சந்தர்ப்பத்திலும் (42ஆம் அதிகாரம்) எகிப்துக்குப் போகலாமா என்று கேட்டு வந்தவர்கள் பதிலுக்காகப் பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. உயிர் பயத்தில் நிற்கிற கூட்டத்தை ஒரு தீர்க்கதரிசி பத்து நாள் காக்கவைப்பது சாதாரண காரியமா? இன்றைக்குத் தலையில் கைவைத்த அரை நிமிடத்தில் 'மூன்று மாதத்துக்குள்' என்று சொல்லிவிடுகிறார்கள். வேகத்தை அபிஷேகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பத்து நாளைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டு வருடம் என்ற கணக்கு என்ன ஆனது? அனனியா அந்த வருடமே ஏழாம் மாதத்தில் இறந்துபோனார். எகொனியா சிறையிலிருந்து வெளியே வந்தது சிறையிருப்பின் முப்பத்தேழாம் வருடத்தில், கி.மு. 561 வாக்கில், பாபிலோனில் ஏவில்மெரொதாக் ராஜாவான பிறகு. அப்போதும் ஊர் திரும்பியதாகப் புத்தகம் சொல்லவில்லை. உயிரோடிருந்த நாளெல்லாம் பாபிலோன் ராஜாவின் பந்தியில் சாப்பிட்டான் என்று முடிகிறது. இது வேதத்தில் மட்டும் இருக்கிற தகவலும் இல்லை. பாபிலோன் அரண்மனைக் கிடங்கிலிருந்து கிடைத்த களிமண் பலகைகளில் யூதாவின் ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து குமாரர்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் காலம் கி.மு. 592ஐ ஒட்டியது. அனனியாவின் இரண்டு வருடக் கெடுவும் அதையொட்டித்தான் முடிகிறது. ராஜா ஊர் திரும்பியிருக்க வேண்டிய காலத்தில் பாபிலோனில் அவனுக்குப் படி அளந்துகொண்டிருந்தார்கள்.

கெடு வைக்கிற விசுவாசத்தின் ஆபத்து இதுதான். கெடு தப்பினால் ஏமாற்றம் என்பதோடு போகாது. கெடுவுக்குள் செய்திருக்க வேண்டிய எதையும் அது செய்ய விடாது. இரண்டு வருடத்தில் ஊர் திரும்பப் போகிறவன் எதற்காக வீடு கட்டுவான்? பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டான்.

கடிதத்தில் இருந்த வேலைகள்

இந்த மனநிலையில் பாபிலோனில் இருந்தவர்களுக்குத்தான் எரேமியா எழுதிய 29ஆம் அதிகாரக் கடிதம் போனது. எகொனியாவுக்குப் பிறகு எருசலேமில் ராஜாவாயிருந்த சிதேக்கியா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள், சாப்பானின் குமாரன் எலெயாசாவும் இல்க்கியாவின் குமாரன் கெமரியாவும், அதைக் கொண்டுபோனார்கள். கடிதம் வாக்குத்தத்தத்தில் தொடங்கவில்லை. வேலைகளில் தொடங்குகிறது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள். தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள். கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணிவையுங்கள். குறுகிப்போகாமல் பெருகுங்கள். உங்களைச் சிறைப்பிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபம்பண்ணுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு காலம் ஆகும் என்று பாருங்கள். பாபிலோனியத் தோட்டம் என்றால் முதலில் பேரீச்சைதான். பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் முதல் காய்ப்புக்கே நாலைந்து வருடம் ஆகும், நல்ல மகசூலுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. வாய்க்கால் தண்ணீர் விட வேண்டும், பெண் மரத்துப் பாளையில் ஆண் பூவைக் கட்டிக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். 'கனியைச் சாப்பிடுங்கள்' என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே அனனியாவின் இரண்டு வருடம் இரண்டு தடவை கரைந்துவிடும். பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணிவைப்பதென்றால் பதினைந்து இருபது வருடம். கடிதம் படிப்படியாகக் கண்ணை நீட்டிவிட்டு, பத்தாம் வசனத்தில்தான் எழுபது என்ற எண்ணைச் சொல்கிறது. எழுதியவர் நிலைமையையும் கவனிக்க வேண்டும். 16ஆம் அதிகாரத்தில் எரேமியாவுக்குப் பெண் கொள்ளவும் பிள்ளை பெறவும் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. தனக்கு மறுக்கப்பட்ட வாழ்க்கையை வாழச் சொல்லி அவர் மற்றவர்களுக்கு எழுதுகிறார்.

வருடங்களைக் கணக்கிட்டுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். பெர்சிய ராஜா கோரேஸ் பாபிலோனைப் பிடித்தது கி.மு. 539, திரும்பிப் போக அனுமதித்தது அதற்கு அடுத்த வருடம். 597இல் இருபத்தைந்து வயதில் சங்கிலியில் போனவருக்கு அப்போது எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு வயது. அதாவது 29:11ஐ முதன்முதலில் காதால் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் அந்த 'முடிவை' கண்ணால் காணாமல் பாபிலோன் மண்ணிலேயே செத்தார்கள். வசனம் அவர்களுக்குப் பொய்யாகிவிட்டதா? தனி ஆளின் ஒரு வருடத் திட்டமாக வாசித்தால் பொய்தான். பேரன் கையில் போய்ச் சேரும் ஆஸ்தியாக வாசித்தால் அது பொய்யாகவில்லை. ஆனால் அப்படி வாசிக்க, நட்டவனே சாப்பிட வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. அது வலிக்கும். வலிக்காது என்று சொல்கிற பிரசங்கத்தை நம்ப வேண்டாம்.

கடிதத்துக்குக் கீழ்ப்படிந்தார்களா என்று கேட்டால், கீழ்ப்படிந்ததைப் போலத்தான் தெரிகிறது. பாபிலோனியக் கிராமப்புறத்தில் யூதாவின் பெயரைத் தாங்கிய ஒரு ஊர் இருந்திருக்கிறது, ஆல்-யாகூது. அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த ஆப்பெழுத்துப் பலகைகள் (ஆப்பு வடிவக் குறிகளால் எழுதிய களிமண் பலகைகள்) நூற்றுக்கும் மேல் 2014இல் நூலாக வெளிவந்தன. முறைப்படி தோண்டி எடுத்தவை அல்ல, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை என்பது அவற்றின் குறை. இருந்தாலும் உள்ளடக்கம் அருமையானது. கி.மு. 572இல் தொடங்கி ஏறக்குறைய நூறு வருடத்து வாடகை, கடன், வரி, பாகப்பிரிவினைப் பத்திரங்கள். வாற்கோதுமையும் பேரீச்சையும் இத்தனை அளவு இந்த மாதத்தில் செலுத்த வேண்டும் என்று கர்த்தருடைய நாமமான 'யா'வைத் தங்கள் பெயரில் தாங்கிய ஆட்கள் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஒரு பலகையில் ஆப்பெழுத்தோடு சேர்த்துப் பழைய எபிரெய எழுத்திலும் ஒரு பெயர் கீறப்பட்டிருக்கிறது. பக்திப் பாடல் எதுவும் அவற்றில் இல்லை, எல்லாம் வரிக் கணக்கு. பொறுமை எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அந்தக் கணக்கு போதும்.

எல்லாரும் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. நெகெலாமியனாகிய செமாயா என்பவன் எருசலேமிலிருந்த ஆசாரியன் செப்பனியாவுக்குப் பதில் கடிதம் போட்டான். சிறையிருப்பு நீண்டகாலம் இருக்கும், வீடு கட்டுங்கள் என்று எழுதுகிற இந்தப் பைத்தியக்காரனை ஏன் இன்னும் தொழுமரத்தில் மாட்டவில்லை என்று அதில் கேட்டான். நீண்டகாலம் ஆகும் என்று சொல்கிறவரை விசுவாசமில்லாதவர் என்று ஒதுக்குகிற வழக்கம் அப்போதே இருந்தது.

பதினேழு சேக்கல்

32ஆம் அதிகாரம்தான் இந்தக் கதையின் நடுமையம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிதேக்கியாவின் பத்தாம் வருடம். எருசலேமைச் சுற்றிக் கல்தேயர்கள், அதாவது பாபிலோன் படை, மண்மேடு போட்டுவிட்டார்கள். உள்ளே பஞ்சம். எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்பஞ்சுடுகிறவர்களின் வீதியிலிருந்து தினம் ஒரு அப்பம் அவருக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது அவருடைய தகப்பனின் சகோதரன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே ஒரு மணி நேர நடை. அப்போது அது முற்றுகையிட்டவர்களின் கையில் இருந்தது. எதிரிப் படை கூடாரம் அடித்திருக்கும் நிலத்தை, சிறையில் இருக்கிறவரிடம், விற்கிறவனே வந்து விற்கிறான். வியாபாரமாகப் பார்த்தால் இதைவிட மோசமான பேரம் இருக்க முடியாது.

எரேமியா வாங்குகிறார். எப்படி வாங்கினார் என்பதை வேதம் வழக்கத்துக்கு மாறாக ஒவ்வொரு படியாகச் சொல்கிறது. விலை பதினேழு சேக்கல் வெள்ளி. யூதாவில் அப்போது காசு வழக்கத்தில் இல்லை, வெள்ளியைத் துண்டுகளாகத் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார்கள். யூதாவில் கிடைத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் பதினொன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆக, சுமார் 190 கிராம் வெள்ளி. பத்திரம் எழுதப்பட்டது, முத்திரை போடப்பட்டது, சாட்சிகள் கையெழுத்து வைத்தார்கள், பிறகு வெள்ளி நிறுக்கப்பட்டது. பத்திரத்தில் இரண்டு பிரதி: முத்திரையிட்டது ஒன்று, திறந்தது ஒன்று. இந்த இரட்டைப் பத்திர முறை பிற்காலத்திலும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. சவக்கடல் ஓரத்துக் குகைகளிலிருந்து 1961இல் கிடைத்த பாபத்தா என்ற யூதப் பெண்ணின் சொத்துப் பத்திரங்கள் பல இந்த வகைதான். திறந்த பிரதி யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள. பின்னால் தகராறு வந்தால் அதிகாரிகள் முன்னிலையில் முத்திரையை உடைத்து உள்பிரதியோடு ஒப்பிடுவார்கள். திறந்ததில் யாராவது கைவைத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இரண்டையும் நேரியாவின் குமாரன் பாருக்கிடம் எல்லார் கண்முன்னும் கொடுத்து, அநேகநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வை என்றார். மண்பாண்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. வாய் மூடிய சுட்ட மண் ஜாடி ஈரத்தையும் பூச்சியையும் தடுக்கும். கும்ரான் குகையில் ஜாடிகளில் வைத்த தோல்சுருள்கள் சுமார் இரண்டாயிரம் வருடம் தாங்கி 1947இல் வெளியே வந்தன. எரேமியா தன் ஆயுசுக்குள் அந்த நிலத்தில் கால் வைப்போம் என்று நினைத்திருந்தால் பத்திரத்தை இடுப்பில் செருகியிருப்பார்.

அடுத்து நடந்ததுதான் திருப்பம். பத்திரத்தைக் கொடுத்து முடித்த பிறகு எரேமியா ஜெபிக்கிறார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினீர், உம்மால் செய்யக்கூடாத காரியம் ஒன்றுமில்லை என்று தொடங்கி, எகிப்திலிருந்து கொண்டுவந்த வரலாற்றைச் சொல்லி, கடைசியில் உள்ளே கிடந்ததைக் கொட்டுகிறார். இதோ மண்மேடுகள், நகரம் கல்தேயர் கையில் போகப்போகிறது. இப்படியிருக்க, நிலத்தை வெள்ளி கொடுத்து வாங்கு, சாட்சிகளை வை என்று நீர் என்னிடம் சொன்னீரே! அந்த ஜெபம் அங்கேயே நிற்கிறது. ஆமென் இல்லை, 'இருந்தாலும் உம் சித்தம்' என்ற மெழுகுப்பூச்சும் இல்லை.

வரிசையைக் கவனித்தீர்களா? முதலில் புரியும்வரை ஜெபித்து, சமாதானம் கிடைத்து, பிறகு வாங்கியிருந்தால் நாம் வழக்கமாகக் கேட்கும் சாட்சிகளைப் போல இருக்கும். இங்கே வெள்ளியை நிறுத்துக் கொடுத்தபோதே அவருக்குப் புரியவில்லை. புரியாததோடு முறையாகச் சாட்சி வைத்து, முத்திரை போட்டு, ஒரு படியையும் விடாமல் செய்து முடித்துவிட்டு, அப்புறம் போய் 'என்ன இது' என்று கேட்கிறார். சந்தேகம் தீர்ந்தபின் கீழ்ப்படிவதுதான் விசுவாசம் என்று நம் ஞாயிறு வகுப்புகளில் பதிந்துபோன கருத்து இந்த அதிகாரத்தில் நிற்கவில்லை. அவருடைய விசுவாசம் தராசிலும் பத்திரத்திலும் இருந்தது. மனதில் குழப்பம்தான் இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நாளில் இருந்தன. கர்த்தர் குழப்பத்தைக் கண்டிக்கவில்லை. இந்தத் தேசத்தில் மறுபடியும் நிலங்கள் வாங்கப்படும், பத்திரங்கள் எழுதப்படும் என்று பதில் சொல்கிறார். எரேமியா அந்த நிலத்தை உழுததாக எங்கும் இல்லை. மீந்திருந்தவர்கள் அவருடைய பேச்சைக் கேளாமல் அவரையும் இழுத்துக்கொண்டு எகிப்துக்குப் போய்விட்டார்கள்.

முறையிடுகிறவர் பொறுமை இழந்தவரா

யோபின் பொறுமை என்று யாக்கோபு நிருபம் சொல்கிறது. அந்த வரியை மட்டும் தெரிந்தவர்கள், யோபு வாய் திறக்காமல் ஓட்டால் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் அவன் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதன்பிறகு முப்பத்தொன்றாம் அதிகாரம்வரை, நண்பர்கள் இடைமறிக்க மறிக்க, முறையிடுவதை அவன் விடவில்லை. கடைசியில் கர்த்தர் கண்டித்தது முறையிட்டவனை மட்டுமில்லை. விளக்கம் கொடுத்த நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார். சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள்தான். ஆனாலும் நம் ஆராதனை வரிசையில் முறையீட்டுக்கு என்று ஒதுக்கின ஐந்து நிமிடம் இருக்கிறதா?

காத்திருக்கிறவர் எப்படி முறையிடுவது என்பதற்கு 13ஆம் சங்கீதம் நல்ல பயிற்சி. ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்கள் கேள்வி, எதுவரைக்கும் என்று திரும்பத் திரும்ப. மூன்றும் நாலும் விண்ணப்பம். ஐந்தும் ஆறும் நம்பிக்கை. செய்முறை எளிது. முதல் இரண்டு வசனங்களைச் சத்தமாக வாசித்து, 'எதுவரைக்கும்' வருகிற இடத்தில் உங்கள் காரியத்தைப் பெயர் சொல்லி வைக்க வேண்டும். 'என் கஷ்டம்' என்று பொதுவாக விடாமல், 'அவரோடு பேச்சு நின்று போனது', 'இந்த மாதமும் ரிப்போர்ட் இப்படி வந்தது' என்று. விண்ணப்பத்தில் ஒரே ஒரு காரியம் போதும். பிறகு நிறுத்த வேண்டும். நாலாம் வசனத்துக்கும் ஐந்துக்கும் நடுவே பதில் வந்ததாகச் சங்கீதத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. நிலைமை அப்படியே இருக்கும்போதுதான் தாவீது தொனியை மாற்றுகிறார். இன்றைக்கு ஐந்தாம் வசனத்தைச் சொல்ல வாய் வரவில்லையா, நாலோடு முடித்துவிட்டு எழுந்திருக்கலாம். 88ஆம் சங்கீதம் கடைசிவரை துதிக்குத் திரும்பாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. வழக்கமாக நடக்கும் தவறு, பதற்றத்தில் முதல் நாலு வசனங்களைத் தாண்டி நேராக ஆறுக்குப் போவது. சொல்லப்படாத துக்கம் போய்விடுவதில்லை, எரிச்சலாகவும் தூக்கமின்மையாகவும் வீட்டில் இருக்கிறவர்கள் மேல் இறங்கும்.

எங்கே உடைகிறது

நடைமுறையில் பொறுமை உடைகிற இடங்களில் மிக ஆபத்தானது மாத்திரை. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று எடை ஏறும். அந்த நேரத்தில் சுகமாகிவிட்டது என்று சாட்சி சொல்லி மாத்திரையை நிறுத்தினால், மீதமிருக்கும் கிருமி மருந்துக்கு மசியாததாகத் திரும்பி வரலாம். பிறகு சிகிச்சை இன்னும் கடினம், வீட்டில் இருப்பவர்களுக்கும் தொற்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலின் போடுகிறவர் மருத்துவரிடம் கேட்காமல் உபவாசம் எடுத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழக்கூடும். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்கிறவர்கள் ஏசாயா 38ஐப் பார்க்கலாம். எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருடம் கூட்டித் தருகிறேன் என்று கர்த்தர் சொன்ன பிறகும், அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார்கள். பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவிட்டு வந்தார், அவனுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. ஆறு மாத மாத்திரையை ஒரு நாள் தவறாமல் விழுங்குவது கடிதம் சொன்ன தோட்டவேலையைச் சேர்ந்தது.

அடுத்தது பொருத்தனை. இது நடந்தால் இதைத் தருகிறேன் என்பது வேதத்தில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நாள் குறித்து, கடன் வாங்கி, பெரிய தொகையை முதலில் கொடுத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்று யாராவது சொன்னால் அது அனனியாவின் குரல். எரேமியா கொடுத்த பதினேழு சேக்கலுக்குப் பத்திரமும் சாட்சியும் இரண்டு பிரதியும் இருந்தன என்பதை அங்கே நினைத்துக்கொள்ளலாம்.

காத்திருக்கிறவர் ஒரு நோட்டு வைத்துக்கொண்டால் பலன் இருக்கிறது. தேதி, ஒரே வாக்கியத்தில் கேட்கிற காரியம், அதன் கீழே இந்த வாரம் என் கையால் ஆகிற ஒரு வேலை. வேலை கிடைக்க ஜெபம் என்றால் கீழே விண்ணப்பம் அனுப்பும் நாள். பிரிந்த தம்பியோடு ஒப்புரவாக ஜெபம் என்றால் பிள்ளையின் பரீட்சை எப்படிப் போனது என்று ஒரு விசாரிப்பு. மேலே உள்ள வரி கர்த்தருடையது, அது எப்போது நிறைவேறும் என்று குறிக்க வேண்டாம். கீழே உள்ள வரி நம்முடையது, அதற்குத் தேதி போட வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கர்த்தருக்குத் தேதி குறித்துவிட்டு, தங்கள் வேலையைத் தேதியில்லாமல் விட்டுவிடுகிறார்கள். நோட்டைத் தினம் புரட்டவும் வேண்டாம். விதை முளைத்ததா என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பதைப் போல ஆகிவிடும். மாதம் ஒரு முறை போதும்.

சபையின் பங்கு சாட்சி நேரத்தில் இருக்கிறது. நம் சாட்சிகள் எல்லாம் முடிந்த கதைகள். பத்து வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தோம், பிறகு பிறந்தது. பதினோராவது வருடத்திலும் இல்லாதவர் அதைக் கைதட்டிக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். அவருக்கு ஒலிவாங்கி கிடைப்பதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது இன்னும் காத்திருக்கிறவர் ஒருவர், விரும்பினால் மட்டும், மூன்று நிமிடம் பேசலாம். எதற்காகக் காத்திருக்கிறேன், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று. அவர் பேசி முடித்ததும் அறிவுரை சொல்லவோ, வசனத்தை வைத்து அவரைத் திருத்தவோ, 'சீக்கிரம் நடக்கும்' என்று மேடையிலிருந்து முத்திரை குத்தவோ கூடாது. 13ஆம் சங்கீதத்தை எல்லாரும் சேர்ந்து வாசித்து உட்கார்ந்தால் போதும். வியாதிப்பட்டவர் வீட்டுக்குப் போகிற ஜெபக்குழுவும் இப்படித்தான். 'எதற்கு இது வந்தது என்று யோசித்தீர்களா' என்று ஆரம்பிப்பது யோபின் நண்பர்கள் செய்த காரியம். அவர்கள் உருப்படியாகச் செய்தது முதல் ஏழு நாள் பேசாமல் கூடத் தரையில் உட்கார்ந்திருந்ததுதான். ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுக்க யார் வருகிறார்கள், மதியச் சாப்பாடு யார் கொண்டுவருவது என்று கேட்டுவிட்டு ஜெபத்தைச் சுருக்கமாக வைக்கலாம்.

வருடப்பிறப்பு அட்டையை நிறுத்தச் சொல்லவில்லை. சொன்னாலும் நடக்காது. அட்டைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. முன்பக்கம் 29:11 இருக்கட்டும், பின்பக்கம் ஐந்து முதல் பத்துவரை சிறிய எழுத்தில் தாராளமாக அடங்கும். அன்றைய இரவில் 28ஆம் அதிகாரத்தையும் 29இன் முதல் பதினாலு வசனங்களையும் சத்தமாக வாசிக்கப் பத்து நிமிடத்துக்குள்தான் ஆகும். பெருநாள் ராத்திரியில் எழுபது வருடக் கதை எதற்கு, ஜனங்கள் ஆசீர்வாதம் தேடி வந்திருக்கிறார்கள் என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் இதே அட்டையை வாங்கிப் பைபிளுக்குள் வைத்திருப்பவர்கள் எத்தனை வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.